அடுப்பில் ஏற்றக் கூடாத மருந்து

கேள்வி: எங்கள் மகனுக்கு மூன்றரை வயது. எடை 13 கிலோ. கைக்குழந்தையாக இருந்தபோதே வயிறு பெரிதாக இருந்தது. கல்லீரல் வீக்கம் என்றார்கள். மரபணுப் பரிசோதனையில் கிளைக்கோஜன் சேமிப்புக் கோளாறு, 1ஏ வகை என்று உறுதியாகிவிட்டது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் கூட, 21 கிராம் கார்ன்ஃப்ளார் மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். இனிப்பு கூடாது, பழமும் பாலும் மிகக் குறைவாக என்றார்கள். பச்சை மாவு பிள்ளை வயிற்றுக்கு ஆகாது என்று என் அத்தை (மாமியாரும் அவர்தான்) இரவு இரண்டு மணிக்கு எழுந்து, அதைப் பனங்கற்கண்டு சேர்த்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுக்கிறார். சென்ற மாதம் விடியற்காலையில் வலிப்பு வந்தது. அப்போது ரத்தச் சர்க்கரை 38. ஆனால் அதற்கு முன்பு ஒருநாள் கருவி 45 காட்டியபோது அவன் விளையாடிக்கொண்டுதான் இருந்தான். கருவி பழுதா? சர்க்கரை இறங்குகிற பிள்ளைக்கு ஏன் இனிப்பைத் தடுக்க வேண்டும்? பழநியில் மொட்டை போடுவதாக வேண்டுதல் இருக்கிறது, அழைத்துப் போகலாமா? அத்தை மகனைத் திருமணம் செய்துகொண்டதுதான் தவறா? அடுத்த குழந்தைக்கும் இது வருமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது என் மனம் உங்கள் அத்தையிடமே நின்றுவிட்டது. தினமும் நடுநிசியில் எழுந்து பேரனுக்காக அடுப்பு மூட்டுகிறவரிடம், அந்த அடுப்புதான் பிரச்சினை என்று சொல்வது எளிதல்ல. ஆனாலும் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும். இன்று இரவே மாற்ற வேண்டியது அது ஒன்றுதான்.

அந்த மாவு உங்கள் மகனுக்கு மருந்து. வெந்துவிட்டால் அது வெறும் கஞ்சி.

காரணத்தைச் சொல்கிறேன், அத்தைக்கும் படித்துக் காட்டுங்கள். மாவுச்சத்து என்பது நுண்ணிய மணிகளாக இருக்கிறது. பச்சையாக வயிற்றுக்குள் போனால், குடலில் சுரக்கும் நொதிகள் ஒவ்வொரு மணியையும் மெல்ல மெல்லக் கரைத்துக் குளுக்கோஸாக்கும். பல மணி நேரம் துளித்துளியாக ரத்தத்தில் சர்க்கரை கசிந்துகொண்டே இருக்கும். தண்ணீரோடு சூடாக்கினால் அந்த மணிகள் ஊதி வெடித்துவிடும். கஞ்சி கெட்டிப்படுகிறதே, அதுதான் அந்த வெடிப்பு. வெடித்த மாவு உடனே செரித்துவிடும். சர்க்கரை சட்டென்று ஏறும். இன்சுலினும் கூடவே ஏறும். இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை கீழே இறங்கத் தொடங்கிவிடும். இரண்டு மணிக்குக் கொடுத்த கஞ்சி நான்கு, நான்கரைக்கெல்லாம் தீர்ந்துவிட்டால் விடியற்காலையில் என்ன நடக்கும் என்பதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். கொதிக்க வைக்காமல் சூடான பாலிலோ வெந்நீரிலோ கரைப்பதும் இதேபோலத்தான் கெடுக்கும். எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பும் வேண்டாம். அறை வெப்பத்தில் இருக்கும் குடிநீர் போதும்.

இனி, இனிப்பைப் பற்றிய உங்கள் கேள்வி. நியாயமான கேள்வி. பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை நோயைத்தான் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அங்கே சர்க்கரை ஏறுகிறது, அதனால் இனிப்பு கூடாது. இங்கே இறங்குகிறது, பிறகு ஏன் தடை?

பழைய வீடுகளில் நெல் சேர்த்துவைக்கும் குதிர் இருக்குமே, அதை நினைத்துப் பாருங்கள். மேலே நெல்லைக் கொட்டுவார்கள். அடியில் இருக்கும் வாயைத் திறந்து வேண்டும்போது எடுப்பார்கள். நம் கல்லீரல் அப்படி ஒரு குதிர். சாப்பிட்டபின் மிஞ்சும் குளுக்கோஸைக் கிளைக்கோஜனாகச் சேர்த்துவைத்து, சாப்பிடாத நேரத்தில் ரத்தத்துக்குத் திறந்துவிடும். உங்கள் மகனுக்கு அந்த அடிவாய் திறக்கவில்லை. அதைத் திறக்கும் நொதியின் பெயர் குளுக்கோஸ்-6-பாஸ்ஃபடேஸ். குதிர் நிரம்பி வழிகிறது, அதனால்தான் வயிறு பெரிதாகத் தெரிகிறது. ஆனால் பசித்தபோது ஒரு மணி நெல் வெளியே வராது. புரதத்திலிருந்து கல்லீரல் புதிதாகச் செய்யும் குளுக்கோஸும் இதே வாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஆகவே வாய்வழி உணவு நின்றால் அவனுக்கு வேறு வழியே கிடையாது.

நீங்கள் கொடுக்கும் பனங்கற்கண்டு, வெல்லம், தேன், பழம் ஆகியவற்றில் ஃப்ரக்டோஸ் இருக்கிறது. பாலில் உள்ள லாக்டோஸ் உடைந்தால் பாதி காலக்டோஸ். இவை இரண்டும் நேராக ரத்தச் சர்க்கரையாவதில்லை. முதலில் கல்லீரலுக்குப் போய் அங்கே மாற்றப்பட வேண்டும். போன பிறகு அந்த அடைபட்ட குதிருக்குள் மாட்டிக்கொண்டு லாக்டிக் அமிலமாகவும் யூரிக் அமிலமாகவும் கொழுப்பாகவும் மாறுகின்றன. சாதாரண சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், அது உதவும், மறுபாதி சுமை. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாம் இயற்கையானவை, கெடுதல் செய்யாது என்று உறவினர்கள் சொல்வார்கள். இந்தக் குழந்தையின் கல்லீரலுக்கு அவையும் வெள்ளைச் சர்க்கரையும் ஒன்றே. தேன் இன்னும் மோசம். அதில் ஃப்ரக்டோஸ்தான் அதிகம்.

கருவி பழுதா என்று கேட்டீர்கள். பெரும்பாலும் இல்லை. இந்த நோயில் பலரும் தவறவிடும் இடம் இதுதான். சர்க்கரை இறங்கும்போது இந்தக் குழந்தைகளுக்கு லாக்டிக் அமிலம் ஏறுகிறது. மூளை அந்த லாக்டேட்டையும் எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். அதனால் 45-இல் கூட ஒரு குழந்தை விளையாடிக்கொண்டிருக்க முடியும். அதைப் பார்த்து நிம்மதியடையக் கூடாது. லாக்டேட் அளவுக்கு மீறினால் வேகமாக மூச்சு வாங்கும், வாந்தி வரும், அதுவும் ஆபத்துதான். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பச்சை மாவை ஒழுங்காகக் கொடுக்கத் தொடங்கியதும் லாக்டேட் குறையும். அப்போது மூளைக்கு அந்த மாற்று எரிபொருள் இருக்காது. அதன் பிறகு ஒரு வேளை தவறினால் அறிகுறிகள் முன்பைவிடச் சீக்கிரமும் கடுமையாகவும் வரும். சிகிச்சை நன்றாக நடக்கும் குழந்தைக்குத்தான் கடிகாரம் இன்னும் முக்கியம். பையன் எப்படி இருக்கிறான் என்பதைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள். எப்போதும் 70-க்குக் கீழே போகக் கூடாது என்பதுதான் இலக்கு.

இனி மாவு வாங்கும் விஷயம். தமிழில் இது பெரிய குழப்பம், என்னிடம் வந்த குடும்பங்கள் பல இதில் தடுக்கியிருக்கின்றன. சோளம் என்றால் நம் வழக்கில் வெள்ளைச் சோளம். உங்களுக்கு வேண்டியது மக்காச்சோளத்தின் மாவுச்சத்து. அதிலும் மக்காச்சோள மாவு என்று மஞ்சளாக விற்பது முழுத் தானியத்தை அரைத்தது, அது வேண்டாம். தூய வெள்ளையாக, விரலில் தேய்த்தால் நறநறவென்று ஒலிக்கிற, சூப் கெட்டியாக்கப் பயன்படுத்தும் கார்ன்ஃப்ளார்தான் சரி. கஸ்டர்டு பவுடரும் பெரும்பாலும் இதே மாவுதான், ஆனால் நிறமும் மணமும் சேர்த்தது, சிலவற்றில் சர்க்கரையும் உண்டு, அதைத் தொடாதீர்கள். கடையில் கார்ன்ஃப்ளார் தீர்ந்துவிட்டது என்று கூவைக்கிழங்கு மாவோ ஜவ்வரிசி மாவோ வாங்கி ஈடுகட்ட வேண்டாம். ஒரு பிராண்டு அவனுக்கு ஒத்துப்போனால் அதையே தொடருங்கள். மாற்ற நேர்ந்தால் முதல் இரண்டு மூன்று நாள் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள். வீட்டில் எப்போதும் ஒரு பாக்கெட் கூடுதலாக இருக்கட்டும்.

கரண்டிக் கணக்கு வேண்டாம். மட்டமாக வழித்த ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 8 கிராம் பிடிக்கும். குவித்து எடுத்தால் அதுவே இரட்டிப்பாகிவிடும். சமையலறைக்கான டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். இந்த வயதில் ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 1.6 கிராம் என்பது வழக்கமான தொடக்கக் கணக்கு. 13 கிலோவுக்கு 21 கிராம் என்று உங்கள் மருத்துவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். எடை கூடும்போது இந்த எண்ணும் மாற வேண்டும், அவரே மாற்றுவார். கரைத்தபின் மாவு அடியில் தங்கும். குடித்து முடித்ததும் டம்ளரில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுழற்றி அதையும் கொடுத்துவிடுங்கள். அடியில் தங்கி நின்ற ஐந்து கிராம் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

பச்சை மாவு வயிற்றுக்கு ஆகாது என்கிற அத்தையின் அச்சத்தில் உண்மை இல்லாமல் இல்லை. தொடக்கத்தில் வாயு, உப்புசம், பேதி வரலாம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மாவுச்சத்தைச் செரிக்கும் கணைய நொதி போதுமான அளவு சுரக்காது. அதனால்தான் அவர்களுக்குக் கொடுக்க நாங்கள் தயங்குவோம். மூன்றரை வயதில் அந்தத் தடை இல்லை. இத்தனை நாள் வெந்த மாவு குடித்தவன் என்பதால், உங்கள் மருத்துவரிடம் இதைச் சொல்லி, ஓரிரு நாள் மருத்துவமனையில் வைத்துச் சர்க்கரையைப் பார்த்தபடியே முழு அளவுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அதுவரை இரவு வேளையில் கொஞ்சமும் சமரசம் வேண்டாம். பனங்கற்கண்டை விட்டுவிடுங்கள், பச்சையாகக் கொடுங்கள், இடையில் ஒருமுறை விரலில் குத்திப் பாருங்கள்.

இந்தப் பச்சை மாவுக்கு ஒரு வரலாறு உண்டு. இந்த நோயை 1929-இல் ஜெர்மானிய நோய்க்குறியியல் அறிஞர் ஃபான் கீர்க்கெ விவரித்தார். எந்த நொதி இல்லை என்பதை 1952-இல் கெர்ட்டி கோரியும் கார்ல் கோரியும் கண்டுபிடித்தார்கள். ஆனாலும் 1970-களில்கூட இரவு முழுவதும் மூக்குவழிக் குழாயில் உணவு சொட்டவிடுவதுதான் பெற்றோருக்கு இருந்த வழி; குழாய் கழன்றால், பம்ப் நின்றால், குழந்தைக்கு உயிராபத்து. 1984-இல் யுவான்-சோங் சென் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் வேகாத கார்ன்ஃப்ளார் அந்த வேலையைச் செய்யும் என்று காட்டினார்கள். மளிகைக் கடையில் கிடைக்கும் பொருள் என்பதற்காக அதை மலிவாக எண்ணிவிடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். நம் சமையல் இந்தக் குழந்தைக்குப் பெரும்பாலும் நன்றாகவே ஒத்துப்போகும். சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி, பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கோழி, கீரை, காய் எல்லாம் கொடுக்கலாம். சாம்பாரில் வெல்லம் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பீட்ரூட் அளவாகப் போதும். பால், தயிர், பழம் ஆகியவற்றை மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த அளவுக்குள் வையுங்கள். 100 மில்லி பாலில் சுமார் 5 கிராம் லாக்டோஸ் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். பால் குறைவதால் சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் நெத்திலி என்று சேருங்கள். அது மட்டும் போதாது. சர்க்கரை சேராத கால்சியம், வைட்டமின் டி மருந்து அவசியம். அங்கன்வாடியில் தரும் சத்துமாவில் வெல்லம் கலந்திருக்கிறது. அவனுக்கு அது வேண்டாம் என்று பணியாளரிடம் சொல்லிவையுங்கள். இனிப்பான மருந்து சிரப்புகளையும் மறந்துவிடாதீர்கள். காய்ச்சலுக்கோ இருமலுக்கோ எழுதும்போது சர்க்கரையும் சார்பிடால் என்ற இனிப்பூட்டியும் இல்லாத வடிவத்தைக் கேளுங்கள். இந்த நோயுள்ள குழந்தைகளுக்கு ரத்தம் உறைவதில் தாமதம் இருக்கும். மூக்கில் ரத்தம் வடிவது அதனால்தான். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் தவிர்க்க வேண்டியவை.

அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று இனிமேல் வருந்துவீர்கள். நாளைக்கு ஆறு வேளை 21 கிராம் என்றால் 126 கிராம் மாவு. அதிலேயே 450 கலோரிக்கு மேல் வந்துவிடுகிறது. இந்த வயதின் தேவையில் அது பாதிக்குச் சற்றுத்தான் குறைவு. பசி குறைவது இயல்பு. அதற்காக அடித்து ஊட்டாதீர்கள். சாப்பிடும் கொஞ்சத்தில் முட்டையும் பருப்பும் மீனும் முன்னால் வரட்டும், சோறு பின்னால். இறங்கிவிடுமோ என்ற பயத்தில் மாவைக் கூட்டிக்கொண்டே போவதும் தவறு. மிகை மாவால் அந்தக் கல்லீரல் குதிர் இன்னும் நிரம்பும், உடல் பருக்கும், இன்சுலின் கூடிச் சர்க்கரை வேகமாக விழும்.

சர்க்கரை இறங்கிவிட்டால், நினைவோடு இருக்கும்போது, குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பாக்கெட்டில் பாருங்கள்: சுவையூட்டியவற்றில் பலவற்றில் சர்க்கரை சேர்ந்திருக்கும், சாதா குளுக்கோஸே வேண்டும். அது கைவசம் இல்லாத அவசரத்தில் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பது ஒன்றும் கொடுக்காமல் இருப்பதைவிட மேல். ஏறியதும் அதோடு நின்றுவிடாதீர்கள். குளுக்கோஸ் சீக்கிரம் கரைந்துபோகும், பின்னாலேயே மாவோ உணவோ போக வேண்டும். நினைவு தடுமாறினாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து மருத்துவமனைக்கு ஓடுங்கள். வாந்தி எடுத்து மாவு தங்கவில்லை என்றாலும் அதேதான். வீட்டில் காத்திருக்க வேண்டாம். வயிற்றுப்போக்கில் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அது மட்டும் அவனைக் காப்பாற்றாது.

இரவில் போய் நிற்கும் மருத்துவமனையில் இந்த நோயைப் பார்த்திராத மருத்துவர் பணியில் இருக்கலாம். லட்சத்தில் ஒரு குழந்தைக்கு வருவது இது. ஆகவே உங்கள் மருத்துவரிடம் ஓர் அவசரக் கடிதம் எழுதி வாங்குங்கள். நோயின் பெயர், தாமதமின்றி 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) நரம்பு வழியாக ஏற்ற வேண்டும் என்பது, லாக்டேட் கலந்த ரிங்கர் லாக்டேட் திரவத்தை ஏற்றக் கூடாது என்பது, கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியேற்றப் போடும் குளுக்ககான் ஊசி இவனுக்குப் பயன்படாது என்பது, இவை நான்கும் அதில் இருக்க வேண்டும். லேமினேட் செய்து ஒன்று உங்கள் பையிலும், ஒன்று உங்கள் கணவர் வண்டியிலும், ஒன்று அங்கன்வாடியிலும் இருக்கட்டும். சென்ற மாத வலிப்புக்குப் பின் இது இல்லாமல் ஒரு நாள்கூடக் கழியக் கூடாது என்பது என் கருத்து.

பழநிக்குத் தாராளமாகப் போய்வாருங்கள். வீட்டிலேயே 21 கிராம் வீதம் நிறுத்துச் சின்னச் சின்னக் கவர்களில் கட்டிக்கொள்ளுங்கள்; போகவரத் தேவையானதைவிட இரண்டு கூடுதலாக. தண்ணீர், குளுக்கோஸ், கருவி, கடிதம். கூட்ட நாளைத் தவிருங்கள். வரிசையில் நிற்கும்போது நேரம் வந்தால் அங்கேயே கரைத்துக் கொடுங்கள். மொட்டை போடுபவரிடம் ரத்தம் நிற்கத் தாமதமாகும் என்று சொல்லி, புது பிளேடால் மெதுவாகச் செய்யச் சொல்லுங்கள். பஞ்சாமிர்தம் என்பது வாழைப்பழம், சர்க்கரை, தேன், பேரீச்சை, கற்கண்டு. அவனுக்கு ஆகாத எல்லாமும் ஒரே கிண்ணத்தில். நாக்கு நுனியில் ஒரு தொடுதல் கெடுத்துவிடாது, கரண்டியாக வேண்டாம். விபூதி இட்டுக் கூட்டிவாருங்கள்.

இது உங்கள் தவறா என்ற கேள்விக்கு உறுதியாகச் சொல்கிறேன்: இல்லை. உங்கள் இருவரிடமும் இந்த மரபணுவின் ஒரு பிரதி பழுதாக இருக்கிறது. இருவருக்கும் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை, தெரிந்திருக்கவும் வழியில்லை. நெருங்கிய உறவில் மணமுடிக்கும்போது இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. உறவே இல்லாத தம்பதியருக்கும் இது பிறக்கிறது. அடுத்த ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒரு குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பேருக்கு வராது என்று அதைப் படிக்கக் கூடாது. மகனிடம் மரபணு மாற்றம் கண்டறியப்பட்டுவிட்டதால், கருவின் 10 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவைச் சோதித்துத் தெரிந்துகொள்ள முடியும். கருத்தரிக்கும் முன்பே மரபணு ஆலோசகரைப் பாருங்கள். கணவரும் கூட வர வேண்டும்.

இதைப் படிக்கும் வேறு பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இந்தக் கோளாறில் பல வகைகள் இருக்கின்றன. 3, 6, 9 ஆகிய வகைகளில் புரதத்தைக் கூட்டுவதுதான் முக்கியம். பழத்துக்கும் பாலுக்கும் இந்த அளவு தடை கிடையாது. 1ஏ வகைக்குச் சொன்னதை உங்கள் பிள்ளைக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சகோதரி, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஒரு நோட்டில் மூன்று நாள் கணக்கு எழுதிக்கொண்டு போங்கள்: மாவு கொடுத்த நேரம், சாப்பிட்டது, கருவி காட்டிய எண். லாக்டேட், யூரிக் அமிலம், டிரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு) பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள். அத்தையையும் அழைத்துச் செல்லுங்கள். இரவு இரண்டு மணி வேளையை அவரிடமே விட்டுவிடுங்கள். இத்தனை நாள் ஒருநாளும் தவறாமல் எழுந்தவர் அவர். அலாரம் இரண்டு வையுங்கள், ஒன்று அவர் தலைமாட்டில், மற்றொன்று உங்களுடையதில். நிறுத்த மாவு டம்ளரில் மூடி இருக்கட்டும், பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு இருக்கட்டும். அவர் எழுந்து கலக்கிக் கொடுத்தால் போதும்.